கர்ஸ் ஆஃப் த மூன் 2: பிக்சலை எடுத்தார்கள், துணிச்சலை எடுத்தார்களா?

ஜூன் 2

கேள்வி ஒரு வாசகருடையது: "பிளட்ஸ்டெயின்ட்: கர்ஸ் ஆஃப் த மூன் வீடியோ கேமின் முதல் பாகத்தை இரண்டு தடவை முடித்தாயிற்று. இரண்டாம் பாகம் வாங்கலாமா, இல்லை புது மொந்தையில் பழைய கள்தானா?"

வாங்கலாம். கள் பழையதுதான். என் வருத்தமும் அதில்தான்.

இதைச் செய்த இன்டி கிரியேட்ஸ்காரர்கள் காசில்வேனியா 3-ஐக் கரைத்துக் குடித்தவர்கள். 1989-இல் ஃபாமிகாமில், அதாவது நின்டெண்டோ ஜப்பானில் விற்ற வீட்டு இயந்திரத்தில், வந்த ஆட்டம் அது. ஒரு வீரன், வழியில் சேரும் மூன்று துணைவர்கள், நினைத்த நேரத்தில் ஆளை மாற்றிக்கொள்வது, பிரிந்து போகும் பாதைகள். 2018-இல் வந்த கர்ஸ் ஆஃப் த மூன் இந்த எலும்புக்கூட்டின் மேல் புதுச் சதை வைத்தது. வாள்வீரன் ஸாங்கெட்சு, சாட்டைக்காரி மிரியம், ரசவாதி ஆல்ஃபிரட், வௌவாலாக மாறும் கெபெல். 2020 ஜூலையில் வந்த இரண்டாம் பாகம் என்ன செய்தது? ஸாங்கெட்சுவை வைத்துக்கொண்டு மற்ற மூவரை மாற்றியது. மறுபடியும் நான்கு பேர், மறுபடியும் எட்டு லெவல்.

எண்பதுகளில் சீக்வல் எடுத்தவர்கள் இப்படிக் காலடி பார்த்து நடக்கவில்லை. 1987-இல் வந்த ஸெல்டா 2, மேலிருந்து பார்க்கும் ஆட்டத்தைப் பக்கவாட்டுச் சண்டையாக மாற்றிப்போட்டது. அதே வருடம் காசில்வேனியா 2, லெவல் என்கிற ஏற்பாட்டையே தூக்கி எறிந்துவிட்டு ஊர், காடு, பகல், இரவு என்று கிளம்பியது. அமெரிக்காவில் வந்த சூப்பர் மாரியோ 2-இல் எதிரியின் தலையில் குதித்தால் எதிரி சாகவே மாட்டான். அந்தக் காலத்தின் மேல் இத்தனை பக்தி வைத்திருப்பவர்கள் அதன் பிக்சலை மட்டும் எடுத்துக்கொண்டு துணிச்சலை ஏன் விட்டுவிட்டார்கள்? இதுதான் என் கேள்வி. திட்டுகிறவர்கள் திட்டலாம்.

ஜூன் 2, இரவு

முதல் திருத்தம், நானே செய்துகொள்கிறேன். காசில்வேனியா 3-இல் மூன்று துணைவர்களையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போக முடியாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான். சுவரில் ஏறும் கிராண்ட் கூடவே இருக்க, வழியில் மந்திரக்காரி சைஃபாவைச் சந்தித்தால், இவரை விடுவதா அவரைச் சேர்ப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

சின்னத் தவறு என்று விட்டுவிட முடியாது. நான்கு பேரையும் ஒரே நேரத்தில் கையில் கொடுத்தது கர்ஸ் ஆஃப் த மூன் செய்த வேலை. ஒவ்வொருவருக்கும் தனி உயிர்க்கோடு. ஒருவர் செத்தால் மிச்சம் இருப்பவர்களோடு செக்பாயிண்டிலிருந்து திரும்பவும் கிளம்ப வேண்டும். எல்லோரும் செத்த பிறகுதான் ஒரு லைஃப் போகும். அதனால், கெபெலை இழந்த பிறகு அந்த உயரமான மேடை எட்டாது. அதே அறைதான், ஆனால் வேறு அறை. "சதை வைத்தது" என்று ஒரே வார்த்தையில் தாண்டிப்போனது அநியாயம்.

ஜூன் 3

மாரியோ 2 பற்றிக் கேட்டவருக்கு. இரண்டு மாரியோ 2 உண்டு. ஜப்பானில் 1986-இல் வந்தது முதல் ஆட்டத்தின் அச்சுதான், கஷ்டம் மட்டும் ஏற்றப்பட்டது. விஷக் காளான், எதிர்க்காற்று, பின்னோக்கித் தள்ளிவிடும் வார்ப் மண்டலம் என்று ஆடுகிறவனைப் பழிவாங்கும் ஆட்டம். அமெரிக்காவுக்கு அப்போது அது போகவில்லை. டோக்கி டோக்கி பேனிக் என்ற 1987-ஆம் வருட ஆட்டத்தை எடுத்து, முகங்களை மாற்றி, 1988-இல் மாரியோ 2 என்று அங்கே விட்டார்கள்.

எழுதிய பிறகுதான் உறைக்கிறது. நான் துணிச்சலுக்குக் காட்டிய உதாரணம் உண்மையில் வேறு ஆட்டத்துக்கு மாட்டிய முகமூடி. நிஜமான இரண்டாம் பாகமோ இன்று நான் திட்டும் சீக்வல்களைவிடப் பத்திரமாக நடந்தது. ஆரம்பித்து ஒரு நாள்கூட ஆகவில்லை, வாதம் அதற்குள் நொண்டுகிறது.

ஜூன் 5

சரி, ஆட்டத்துக்கு வருவோம். புதிய மூவரைப் பற்றி விரிவாகச் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார்.

டொமினிக் ஈட்டிக்காரி. உயரமாகக் குதிப்பாள். காற்றில் இருக்கும்போது ஈட்டியைக் கீழ்நோக்கிக் குத்தினால், குத்துப்பட்டவன் மேலேயே எம்பி மறுபடி குதிக்கலாம். வரிசையாக மிதக்கும் எதிரிகள் இருந்தால் தரையைத் தொடாமலே பள்ளத்தைத் தாண்டிவிடலாம். ஒரு தடவை கை பழகிவிட்டால் வேறு யாரையும் தொட மனம் வராது.

இந்தக் கீழ்க்குத்து எங்கிருந்து வருகிறது? ஷவல் நைட் ஆடியவர்கள் மண்வெட்டிக் குதிப்பு என்பார்கள். அது 2014. அதற்கு முன்னால் 1989-இல் டக்டேல்ஸ், ஊன்றுகோலில் எம்பி எம்பிப் போகும் வாத்து மாமா. அதற்கும் முன்னால் ஸெல்டா 2. ஓர் ஊரில் ஒரு வீரர் இந்தக் கீழ்க்குத்தைக் கற்றுக்கொடுப்பார். ரசிகர்கள் பல காலம் வீட்டுக்கு அடங்காத பிள்ளை மாதிரி ஒதுக்கி வைத்த அதே ஸெல்டா 2. காசில்வேனியா 2-ம் அப்படித்தான். ஊர்சுற்றும் அந்தக் குழப்பமான ஆட்டம் விதைத்தது பத்து வருடம் கழித்து, 1997-இல், சிம்பனி ஆஃப் த நைட்டில் மரமாக நின்றது. அந்த ஆட்டத்தில் துணை இயக்குநராக வேலை செய்த கோஜி இகராஷிதான் பின்னால் பிளட்ஸ்டெயின்ட்டைத் தொடங்கியவர்.

இப்போது என் வாதத்தைக் கொஞ்சம் மாற்றி வைக்கிறேன். சறுக்கிய சீக்வல்கள்தான் அடுத்த தலைமுறைக்குக் கருவிகளைக் கொடுத்திருக்கின்றன. எல்லோரும் சறுக்காமல் நடந்தால், இருபது வருடம் கழித்து வருகிறவன் எதை எடுப்பான்?

ராபர்ட்டைப் பற்றி: துப்பாக்கி வைத்திருக்கும் வயதான சிப்பாய். தூரத்திலிருந்து சுடலாம், சுவரில் உதைத்து ஏறலாம், படுத்து ஊர்ந்து போகலாம். தொட்டால் செத்துவிடுவார். நான் அவரைப் பெரும்பாலும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். லெவல் முடிவில் வரும் பெரிய எதிரியோடு, அதாவது பாஸ் சண்டையில், மட்டும் வெளியே எடுப்பது.

ஹாச்சியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஜூன் 6

புதுக் கன்ட்ரோலர் வாங்கினேன், அம்புக்குறிப் பொத்தான் சரியில்லை. வலது அழுத்தினால் வலதும் மேலும் சேர்ந்து விழுகிறது. எழுபது சதவீதச் சாவுகளுக்கு நான் பொறுப்பில்லை என்று பதிவுசெய்துகொள்கிறேன்.

ஜூன் 9

ஹாச்சி ஒரு கோர்கி நாய். மந்திர இயந்திரக் கவசம் ஒன்றுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிறது. காற்றில் மிதக்கும், கட்டைகளை நொறுக்கும், முள்ளின் மேல் சாவகாசமாக நடக்கும், ஆயுதப் புள்ளிகளைச் செலவழித்துக் கொஞ்ச நேரம் அடியே படாமல் நிற்கும். இவ்வளவு இருண்ட ஒரு பேய் பிசாசு உலகத்துக்குள் குட்டைக்கால் நாயைக் கொண்டுவந்து இயந்திரத்தில் உட்காரவைக்கலாம் என்று யாரோ ஒருவர் ஒரு கூட்டத்தில் சொல்லியிருப்பார், மற்றவர்கள் சிரித்திருப்பார்கள், அப்புறம் செய்தேவிட்டார்கள் என்று கற்பனை செய்துகொள்கிறேன். இது துணிச்சல் இல்லையா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நாயைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அக்கா மகன். வயது ஒன்பது. இரண்டாம் பாகத்தில் இரண்டு பேர் ஒரே திரையில் சேர்ந்து ஆடலாம். முதல் பாகத்தில் இந்த வசதி கிடையாது. லீவுக்கு வந்தவனிடம் இரண்டாவது கன்ட்ரோலரைக் கொடுத்தேன் (நல்ல கன்ட்ரோலரை அவன் எடுத்துக்கொண்டான், மேலே பார்க்க). அதிலிருந்து தகராறு. எந்த இடத்தில் எந்த ஆள் உதவும் என்று நான் வகுப்பெடுக்க, அவன் எல்லா இடத்துக்கும் நாய்.

"மாமா, நாய் பறக்குது, முள்ளு மேல நடக்குது, அடியும் படாது. அப்புறம் எதுக்கு மத்தவங்க?"

நியாயமான கேள்வி. வடிவமைப்பில் இது ஒரு குறையா என்று மூன்று நாள் யோசித்தேன்.

இன்னொரு விஷயம். ஆட்டத்தில் வெட்டரன், கேஷுவல் என்று இரண்டு வழி. வெட்டரனில் அடிபட்டால் பின்னால் தூக்கி எறியப்படுவோம், லைஃபுக்கும் எண்ணிக்கை உண்டு. கேஷுவலில் எறிதல் இல்லை, லைஃப் தீராது. பழைய காசில்வேனியாவில் செத்த கணக்கை எடுத்தால் பாதிக்கு மேல் உயிர்க்கோடு தீர்ந்து செத்ததாக இருக்காது. பறந்து வந்த ஏதோ ஒன்று தொட, அரை அடி பின்னால் போய்ப் பள்ளத்தில் விழுந்த சாவுகள்தான். குதித்த பிறகு காற்றில் திசை மாற்ற முடியாத ஆட்டம் வேறு. எனவே குதிக்கும் முன்பே முடிவு எடுத்தாக வேண்டும். அந்தப் பிடிவாதம்தான் அதன் சுவை என்று நான் பல பேரிடம் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

பையனோடு ஆடும்போது கேஷுவலில் போட்டேன், அவனுக்காக. அவன் தூங்கப்போன பிறகு வெட்டரனுக்கு மாற்றவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். காலையில் வந்து கேட்டான்: "நேத்து ராத்திரி எத்தனை தடவை செத்தீங்க?"

ஜூன் 10

தொழில்நுட்பம் கேட்டவர்களுக்கு. இந்த ஆட்டங்கள் நிஜமான எட்டு-பிட் (ஃபாமிகாம் காலத்து) ஆட்டங்கள் இல்லை, எட்டு-பிட் ஆட்டங்களைப் பற்றிய நம் ஞாபகங்கள். ஃபாமிகாமின் திரை அகலம் 256 பிக்சல், உயரம் 240. ஓர் உருவத்துக்கு மூன்று நிறம், அதற்கு மேல் இல்லை. மெகா மேன் என்ற ரோபோ வீரனின் முகத்துக்குத் தனியாக இன்னொரு உருவத்தை மேலே ஒட்டித்தான் கூடுதல் நிறம் கொண்டுவந்தார்கள். திரையில் எட்டு உருவங்களுக்கு மேல் வந்தால் சிமிட்ட ஆரம்பிக்கும்.

இன்றைய ஆட்டங்களில் திரை அகலம். ஷவல் நைட் 400-க்கு 240 என்று வைத்துக்கொண்டது, சிமிட்டலையும் விட்டுவிட்டது. அகலம் கூடினால் அழகு கூடும் என்பது மட்டும் இல்லை. எதிரி முன்கூட்டியே கண்ணில் படுகிறான். பழைய ஆட்டத்தில் விளிம்பில் தோன்றியவன் அடுத்த நொடி மூக்கில் நின்றான். கர்ஸ் ஆஃப் த மூன் 2 என் கைக்கு இணக்கமாக இருப்பதற்குக் கேஷுவல் மட்டும் காரணம் இல்லை, இதுவும்தான் என்று நினைக்கிறேன். கௌரவத்துக்காகச் சொல்லவில்லை.

இசை: ஜப்பானியக் காசில்வேனியா 3-இன் கார்ட்ரிட்ஜுக்குள் விஆர்சி6 என்று ஒரு சில்லு இருந்தது. இயந்திரத்தின் சொந்த ஒலிகளோடு மூன்று ஒலித்தடங்களை அது கூடுதலாகச் சேர்த்தது. வெளிநாட்டு நின்டெண்டோவில் கார்ட்ரிட்ஜிலிருந்து ஒலியை உள்ளே எடுத்துக்கொள்ளும் வழி இல்லாததால் அங்கே போன பதிப்பு மெலிந்த இசையோடு போனது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள். ஷவல் நைட்டின் இசையும் விஆர்சி6 கணக்கில் எழுதப்பட்டதுதான். ஆக, ஏக்கம்கூட எந்த நாட்டுக் கார்ட்ரிட்ஜின் ஏக்கம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 10, கொஞ்ச நேரம் கழித்து

திரையில் எட்டு இல்லை. ஒரு கிடைக்கோட்டில் எட்டு. திரை முழுக்க 64 வரை இருக்கலாம். அதனால்தான் எதிரிகள் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்கும்போது மட்டும் சிமிட்டும். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, ஆனால் அந்தச் சிரிப்புப் பொம்மை தேவையில்லை.

ஜூன் 14

மெகா மேன் 2-ஐ ஏன் மறைத்தாய் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மறைக்கவில்லை, மறந்தேன். ஒத்துக்கொள்கிறேன், வசதியாக மறந்தேன்.

1987-இன் மெகா மேனையும் 1988-இன் மெகா மேன் 2-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், புரட்சி ஒன்றும் இல்லை. ஆறு பாஸ்கள் எட்டானார்கள். உயிரை நிரப்பும் எனர்ஜி டேங்க் வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர பாஸ்வேர்டு வந்தது. மற்றபடி அதே ஓட்டம், அதே குதிப்பு, தோற்கடித்தவனின் ஆயுதம் நமக்கு. தொடரின் உச்சம் என்று ரொம்பப் பேர் இன்றும் சொல்வது அந்த இரண்டாவதைத்தான். ஒரு வரியைத் திருத்தித் திருத்தி எழுதுவதும் ஒரு துணிச்சல் என்று இதை வைத்து யாராவது வாதாடினால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

கர்ஸ் ஆஃப் த மூன் 2-ஐச் செய்தவர்கள்தான் 2008-இல் கேப்காம் நிறுவனத்துக்காக மெகா மேன் 9-ஐச் செய்தவர்கள். மூன்றாம் பாகத்தில் வந்த, தரையில் சறுக்கிப் போகும் அசைவையும் நான்காம் பாகத்தில் வந்த, பொத்தானை அழுத்திப் பிடித்துச் சுடும் சார்ஜ் ஷாட்டையும் அதில் எடுத்துவிட்டார்கள், இரண்டாம் பாகத்து மெகா மேனாகவே இருக்கட்டும் என்று. வேண்டுமென்றால் பழைய சிமிட்டலை வரவழைக்க ஒரு ஆப்ஷன்கூட வைத்தார்கள். இயந்திரத்தின் குறையை மெனக்கெட்டு மறுபடி உருவாக்குகிற ஆட்கள். இவர்களிடம் போய் ஸெல்டா 2 மாதிரி எல்லாவற்றையும் உடை என்று எதிர்பார்த்தால் தப்பு என்னுடையதுதான். அவர்கள் மெகா மேன் 2 பள்ளி.

இருந்தாலும் ஒரு குறையை விடமாட்டேன். முதல் பாகத்தில் மிரியமையோ மற்றவர்களையோ சந்திக்கும்போது மூன்று வழி இருந்தது. சேர்த்துக்கொள்ளலாம், கண்டுகொள்ளாமல் போகலாம், வெட்டிவிடலாம். வெட்டினால் ஸாங்கெட்சுவுக்குப் புதுத் திறமை கிடைக்கும். துணை இல்லாமல் ஒற்றை ஆளாக, இரட்டைக் குதிப்போடு, ராத்திரி முழுக்க ஆடிய நாள் எனக்கு மறக்காது. இந்த ஆட்டங்களில் நான் பார்த்த ஒரே உண்மையான புது யோசனை அது, காசில்வேனியா 3-இன் "இவரா அவரா" கேள்விக்கு ரத்தம் பூசிய பதில். இரண்டாம் பாகத்தின் முதல் எபிசோடில் அது இல்லை. சந்தித்தால் சேர்ந்துவிடுகிறார்கள். தட்டவே முடியாது. எனக்கு வலித்தது அங்கேதான், மூவரை மாற்றியதில் இல்லை. ஜூன் 2-ஆம் தேதி எழுதியதை இப்போது எழுதியிருந்தால் இந்தப் பத்தியிலிருந்து ஆரம்பித்திருப்பேன்.

ஜூன் 15

நாயையுமா வெட்டச் சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. நேற்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

ஜூன் 21

எபிசோடு என்று ஜூன் 14-இல் எழுதினேன், விளக்கவில்லை. பெயர்ப் பட்டியல் ஓடியதும் ஆட்டம் முடிந்துவிடவில்லை. அடுத்தடுத்து எபிசோடுகள் திறக்கின்றன. கதையைச் சொல்லப்போவதில்லை. முதல் பாகத்து மிரியம், ஆல்ஃபிரட், கெபெல் திரும்பி வருகிறார்கள், கடைசியில் ஏழு பேரும் சேர்ந்து நிற்கிறார்கள் என்பது வரை போதும்.

இது வெறும் விருந்தாளி வருகை என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாவது லெவலுக்குள் எண்ணம் மாறியது. லெவல்கள் ஈட்டிக்காரிக்கும் நாய்க்கும் அளவெடுத்துத் தைத்தவை. அவற்றுக்குள் வௌவாலைப் பறக்கவிட்டால் தையல் பிரிகிறது. நாய் எங்கே மிதந்து தத்தளித்ததோ அங்கே கெபெல் சும்மா தாண்டிப்போகிறார். அதே சமயம் நாய் நொறுக்கிய கட்டைக்கு முன்னால் மிரியம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். சறுக்கிப் போகும் சந்து எங்கே இருக்கிறது என்று திரும்பவும் சுவர் சுவராகத் தேட வேண்டும். ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமான ஆட்கள் குடியிருக்க முடியுமா என்று சோதிக்கிறார்கள். முதல் ஆட்டத்தையும் இரண்டாம் ஆட்டத்தையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் பார்த்த சீக்வல் வேறு எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

பையன் கேட்ட "எதுக்கு மத்தவங்க" என்பதற்கும் இங்கே பாதிப் பதில் கிடைத்தது. ஆயுதப் புள்ளி தீர்ந்தால் நாய் வெறும் குட்டை. கிட்டே போய் அடிக்க வேண்டும். பின்னால் வரும் பாஸ்களிடம் அந்த வேலை செல்லாது. பாஸ்கள் சாகும்போது கடைசியாக ஒரு பெரிய அடி அடித்துவிட்டுத்தான் சாவார்கள். ஜெயித்துவிட்டோம் என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்தவன் நான், செத்தவனும் நான். ராபர்ட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாயிற்று. மன்னிப்பும் கேட்டாயிற்று.

வெட்டரனில் இப்போது நான்காவது லெவல். மாற்றிவிட்டேன், ஆமாம்.

ஜூன் 28

பையன் ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை செய்தேன். 2019-இல் வந்த காசில்வேனியா ஆனிவர்சரி கலெக்‌ஷனில் மூன்றாம் பாகம் இருக்கிறது, ஜப்பானியப் பதிப்பும் சேர்த்து. மூலத்தைப் பார்க்கட்டும் என்று போட்டுக்கொடுத்தேன். மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

முதல் பள்ளத்தில் விழுந்தான். இரண்டாவது பள்ளத்திலும். காற்றில் திரும்ப முடியாது என்று சொன்னேன், "ஏன்?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை, அது அப்படித்தான் என்றேன். எப்படியோ முட்டி மோதி (பாதி வழி நான் ஆடிக்கொடுத்தேன்) மூன்று துணைவர்களில் ஒருவரான அலுகார்ட் வந்து சேரும் இடம் வரை கொண்டுபோனோம். அலுகார்ட் வௌவாலாக மாறிப் பறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மாமா, இது கெபெல். காப்பி அடிச்சுட்டாங்க."

1989 என்று சொன்னேன். கெபெலுக்கு முன்னால் வந்தது என்று விளக்கினேன். தலையாட்டினான், நம்பவில்லை. கொஞ்ச நேரம் மெனுவில் ஆட்களைத் தேடிவிட்டு, நாய் எத்தனையாவது லெவலில் வரும் என்று கேட்டான்.